ஊர்க்குறையைப் பேசும் வானொலி நிகழ்ச்சி: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

தக்கலையிலோ கருங்கலிலோ நாலு பேர் கூடி, ஊர்ப் பிரச்சினையும் மாநில அரசியலும் பேச ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்துவது என்று முடிவெடுத்தால், மைக் வாங்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த வழியாக ஒலிபரப்பப் போகிறீர்கள்? நம் நாட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை அந்த வழிதான் தீர்மானிக்கிறது. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் தொடங்கும் குழுக்கள், உழைத்துத் தயாரித்த நிகழ்ச்சியை ஒலிபரப்ப முடியாமல் வைத்திருக்க நேரும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

வானொலியில் சொந்தமாகச் செய்தி வாசிக்கும் உரிமை ஆகாசவாணிக்கு மட்டுமே இருக்கிறது. நாகர்கோவில் நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். மாவட்டத்தில் பலர் இன்றும் 101 என்று அலைவரிசை எண்ணைச் சொல்லியே அதைக் குறிப்பிடுவார்கள். அங்கே நீங்கள் நிகழ்ச்சி நடத்த முடியாவிட்டாலும், உரை, நேர்காணல், நேயர் கடிதம் என்று பங்களிக்க முடியும். குரல் பழகவும், நேரக் கட்டுப்பாடு கற்கவும் அது நல்ல பயிற்சி.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தச் செய்தி ஒலிபரப்ப முடியாது. ஒரு வட்டார மக்களுக்காகக் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் சிறு நிலையமான சமுதாய வானொலிக்கும் அதே தடைதான். செய்தி, நடப்பு நிகழ்வு, அரசியல் ஆகியவை அதற்கு இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம். ஆனால் உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சாரம், பேரிடர், நோய் எச்சரிக்கை அறிவிப்புகள், வானிலை, போக்குவரத்து, தேர்வு, சேர்க்கை, வேலைவாய்ப்பு, விளையாட்டு ஆகியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. இந்தப் பட்டியலை அச்சடித்து நிலையச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஊர்க்குறை நிகழ்ச்சிக்குத் தேவையான இடம் இதிலேயே நிறைய இருக்கிறது.

சமுதாய வானொலி உரிமத்துக்குத் தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. கட்சிகளும் அவற்றின் கிளை அமைப்புகளும், லாபநோக்கு நிறுவனங்களும் முடியாது. கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் நிலையம், குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்ட பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் போன்றவை விண்ணப்பிக்கலாம். ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட், கோபுரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரித்தவையாக இருக்க வேண்டும். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும். 2024இல் திருத்திய வழிகாட்டுதலின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம்.

100 வாட் என்றால் சமவெளியில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். நம் மாவட்டம் சமவெளி அல்ல. எஃப்.எம். அலை மலையைத் தாண்டி வளைந்து போகாது. நாகர்கோவிலில் வைத்த சிறு நிலையம் கொல்லங்கோட்டுக்கும் பேச்சிப்பாறைக்கும் எட்டாது. மேற்கே களியக்காவிளைப் பக்கம் திருவனந்தபுரத்து நிலையங்கள் பலமாகக் கேட்கும். எனவே 'மாவட்டம் முழுவதற்கும்' என்று திட்டமிடாமல், கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊர்களுக்கு என்று திட்டமிடுங்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே இயங்கும் கடல் ஓசை நிலையம், எல்லைக்குட்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு நிலையம் எவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று.

மூன்றாவது வழி இணையம். மாநில அரசியலை நேரடியாக விவாதிக்க வேண்டுமென்றால் இதுதான் இடம். இங்கேயும் கட்டுப்பாடு இல்லாமலில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், செய்தி வெளியிடுவோர் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன.

புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை இது: முதல் ஆறு மாதம் வாரம் ஒரு மணி நேரம், இணையத்தில் மட்டும். அதற்குள் குழு நிலைத்து நின்றால், பக்கத்தில் உரிமம் உள்ள கல்லூரியையோ தொண்டு நிறுவனத்தையோ அணுகி, அரசியல் கலக்காத பகுதியை அங்கே கொண்டு போகலாம். அப்போது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நிலையத்தின் உள்ளடக்கக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்சியின் பெயரும் தலைவரின் பெயரும் இல்லாமல் ஒரு மணி நேரம் குடிநீரைப் பற்றிப் பேச முடியும். அப்படிப் பேசும்போது பல சமயம் பேச்சு கூர்மையாகவே இருக்கும்.

இது யாருடைய வேலை என்று கண்டுபிடித்தல்

ஊர்க்குறை நிகழ்ச்சி தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தவறான அலுவலகத்தைக் கேள்வி கேட்பது. ஒரு மணி நேரம் ஊராட்சியைத் திட்டி முடித்த பிறகு, அந்தச் சாலை ஊராட்சிக்குச் சொந்தமே இல்லை என்று தெரிந்தால், அடுத்த வாரம் எந்த அலுவலரும் உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார். நேயர்களும் நம்ப மாட்டார்கள்.

சாலைப் பள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நான்குவழிச் சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, பேரூராட்சித் தெருவா என்பதைப் பொறுத்து நான்கு வேறு அலுவலகங்கள். நாகர்கோவிலுக்குள் என்றால் மாநகராட்சி. 2019இலிருந்து அது மாநகராட்சி. சில இடங்களில் குழாய் பதிக்கத் தோண்டியது ஒரு துறை, மூட வேண்டியது இன்னொரு துறை. இரு துறையையும் ஒரே நிகழ்ச்சியில் உட்கார வைத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

குளம் என்றால், அது நீர்வளத் துறையினுடையதா உள்ளாட்சியினுடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணோடு கேளுங்கள். கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்று கடைமடை விவசாயி அழைத்தால், அன்றைய அணை நீர்மட்டம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல் சாகுபடியைப் பற்றி நிகழ்ச்சி நடத்தக் கூடாது. அணையில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை என்றால் கேள்வி மடைக்கும் தூர்வாரும் ஒப்பந்தத்துக்கும் போக வேண்டும். அணையிலேயே இல்லை என்றால் பேச்சு வேறு.

கடற்கரையில் இன்னும் கவனம் வேண்டும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஒரே மாவட்டம்தான். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நிவாரணத் தொகை பற்றிய அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, 'எந்தத் துறைமுகம்?' என்பதே.

மாநில அரசியலை உள்ளூர்ப் பேச்சாக்குதல்

மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஆறு: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். மாநில அரசியல் என்றவுடன் சென்னையில் யார் யாரோடு கூட்டணி என்று பேசத் தொடங்கினால், அதைத் தொலைக்காட்சி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. உங்களால் மட்டும் செய்ய முடிந்தது வேறு: 234 பேர் கொண்ட அவையில் எடுத்த முடிவு இந்த ஆறு தொகுதியில் எப்படி இறங்குகிறது என்று பின்தொடர்வது.

வரவு செலவுத் திட்டம் முடிந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். ஒவ்வொரு துறையும் அப்போது கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். அரசின் இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். மீன்வளம், நீர்வளம், நெடுஞ்சாலை, வனம், ஊரக வளர்ச்சி ஆகிய ஐந்து குறிப்புகளைப் பதிவிறக்கி, 'கன்னியாகுமரி' என்று தேடி, வரும் வரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, பாலம், தடுப்பணை என்று அறிவித்தவை எல்லாம் அதில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே குறிப்பில் அதே பணி 'முடிந்தது' என்றிருக்கிறதா, 'நடைபெறுகிறது' என்றிருக்கிறதா, காணாமலே போய்விட்டதா என்று பாருங்கள். ஓராண்டுக்கான நிகழ்ச்சிப் பொருள் அந்தத் தாளில் இருக்கிறது.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் எந்தெந்தப் பணி எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாநில அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். 'தொகுதியில் என்ன நடந்தது?' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை, முடிந்த நாள் என்று நான்கு பத்தியாகக் கேளுங்கள். தாளில் ஊர்ப்பெயர் இருந்தால் ஸ்டுடியோவில் யாரும் மழுப்ப முடியாது.

மைக்கும் அறையும்

இதில் அதிகம் செலவழிக்காதீர்கள். பேச்சுக்கு டைனமிக் மைக் போதும். கண்டென்சர் மைக் தெருவில் போகும் மீன்காரரின் ஹாரனையும் சேர்த்துப் பிடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு முஷ்டி தூரம், நேராக அல்லாமல் சற்றே பக்கவாட்டில். பதிவு அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், சராசரி மைனஸ் 18 அருகே இருக்கட்டும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். பேசுபவரின் முன்னும் பின்னும் கனத்த போர்வையோ பஞ்சு மெத்தையோ தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். தகரக் கூரை அறை வேண்டவே வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் ஆண்டில் பாதி நாள் பதிவு கெடும். யு.பி.எஸ். கட்டாயம்.

வெளியே பதிவு செய்யும்போது காற்றுதான் பெரிய எதிரி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமும் கடற்கரையிலும் மைக்கின் பஞ்சு உறை போதாது. ரோம உறை போட்டு, குறைந்த அதிர்வெண் வெட்டியை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

இணைய ஒலிபரப்புக்கு ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் போதும். நேயருக்கு மணிக்கு 29 எம்.பி. அளவே செலவாகும். மலையோரத்தில் சிக்னல் குறைந்த இடங்களிலும் இது அறுபடாமல் ஓட வாய்ப்பு அதிகம்.

தொலைபேசி அழைப்பு

அழைப்பு இல்லாமல் இந்த நிகழ்ச்சி இல்லை. பழுதாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அழைப்பவருக்கு உங்கள் குரல் எல்லாம் கேட்க வேண்டும், அவர் குரல் மட்டும் திரும்பிப் போகக் கூடாது. திரும்பிப் போனால் தன் பேச்சே தாமதமாகக் காதில் விழுந்து, இரண்டு வரியில் திணறி நிறுத்திவிடுவார். சாதாரண மிக்சரில் இதைச் செய்வது எளிது. ஆக்ஸ் வெளியீட்டை (வேண்டிய சேனல்களின் ஒலியை மட்டும் தனியாக வெளியே அனுப்பும் வழி) போனின் மைக் உள்ளீட்டில் இணையுங்கள். மைக் சேனல்களில் ஆக்ஸ் குமிழைத் திறந்து, போன் வரும் சேனலில் மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். நிகழ்ச்சிக்கென்று தனி சிம், தனி போன். கால் வெயிட்டிங்கை அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் இரைச்சல் ஏறும். போனை மிக்சரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி வைத்தால் 'டிக்டிக்' சத்தம் குறையும்.

அழைப்பை முதலில் எடுப்பவர் தொகுப்பாளராக இருக்கக் கூடாது. வெளியறையில் ஒருவர் எடுத்து, நான்கு விஷயம் குறிக்க வேண்டும்: பெயர், ஊர், ஒரே வாக்கியத்தில் பிரச்சினை, இதுவரை எங்கே என்றைக்கு மனு கொடுத்தார். பிறகு அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்துத்தான் நேரலையில் சேர்க்க வேண்டும். இதனால் போலி அழைப்பு குறையும். அழைப்பவருக்குக் காசும் மிச்சம். சேர்க்கும் முன், 'ரேடியோவ கொறச்சி வச்சிட்டு வெளிய வந்து பேசுங்க அண்ணாச்சி' என்று மறக்காமல் சொல்ல வேண்டும். ரேடியோ பக்கத்தில் ஓடினால் ஊளைச் சத்தம் கிளம்பும். நேரலைக்கு 7 முதல் 10 விநாடி தாமதம் வைத்து, நிறுத்தும் பொத்தான் அருகே ஒருவரை உட்கார வையுங்கள்.

பெண்கள் நேரலைக்கு வரத் தயங்கினால் வாட்ஸ்அப் குரல்பதிவு வாங்குங்கள். 60 விநாடி வரம்பு சொல்லிவிடுங்கள். ரப்பர் பால் வெட்டுபவர்கள் காலையில் பேச முடியாது. கடலுக்குப் போகிறவர்களின் நேரம் வேறு. ஒலிபரப்பு நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காமல், நீங்கள் பேச வைக்க விரும்புபவர்களைக் கேட்டு வையுங்கள். விளவங்கோட்டுப் பக்கத்து நேயர் மலையாளம் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். அது அந்த ஊர்ப் பேச்சு.

அந்த ஒரு மணி நேரம்

தொடக்கத்தில் மூன்று நிமிடம்: பிரச்சினை என்ன, எந்த ஊர், எந்த அலுவலகம், போன வாரக் கேள்விக்கு என்ன பதில் வந்தது. எழுதி வாசிப்பதானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் என்று கணக்கு வையுங்கள். அடுத்து களத்தில் பதிவுசெய்த ஐந்து நிமிடம். இதில் தொகுப்பாளர் குரல் வேண்டாம். குடத்தோடு நிற்பவர் பேசட்டும். பிறகு அலுவலரோ பிரதிநிதியோ 15 நிமிடம். அழைப்புகளுக்கு 25 நிமிடம், ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் என்றால் ஏழு அல்லது எட்டுப் பேர். மிச்சம் இருப்பதில் பதில்களைத் திரும்பச் சொல்லி, தேதி குறித்து முடியுங்கள்.

அலுவலரிடம் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். மூன்று துணைக்கேள்வி தயாராக இருக்கட்டும்: மதிப்பீடு தயாரா? நிதி ஒப்புதல் யாரிடம் நிற்கிறது? எந்தத் தேதிக்குள்? இவற்றை மரியாதையாக, குரல் உயர்த்தாமல் கேட்டால் போதும். அவர் வர மறுத்தால் அழைத்த நாளையும் நேரத்தையும் மட்டும் நிகழ்ச்சியில் சொல்லுங்கள், காலி நாற்காலியைக் கேலி செய்ய வேண்டாம். அடுத்த முறை அவர் வரவேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்

வதந்தி முதலாவது. மதத்தையோ சாதியையோ தொட்டு 'அங்கே இப்படி நடந்ததாம்' என்று வரும் அழைப்பை, உறுதிசெய்யும் வரை நேரலையில் சேர்க்கவே கூடாது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. புயல் நேரத்திலும் அப்படியே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது கடலில் இருந்தவர்களைப் பற்றிய ஒவ்வொரு தகவலுக்கும் கரையில் குடும்பங்கள் காத்திருந்தன. காணாமல் போனவர், திரும்பியவர் பெயர்களை மீன்வளத் துறையோ தேவாலயப் பங்கு நிர்வாகமோ உறுதிசெய்த பிறகே சொல்லுங்கள். கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் கரையில் திடீரென எழும் பேரலை) எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தின் அறிவிப்பில் உள்ள ஊர், நேரம், அலை உயரத்தோடு அப்படியே வாசியுங்கள். பேரிடர் உதவிக்கு 1077 எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

'இன்னார் லஞ்சம் வாங்கினார்' என்று அழைப்பவர் பெயர் சொன்னால் பொத்தானை அழுத்துங்கள். அவதூறு வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி, பேசியவர் மீது மட்டுமல்லாமல் ஒலிபரப்பியவர் மீதும் வரும். ஆவணம் இருந்தால் ஆவணத்தைப் பேசுங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயர் மட்டுமல்ல, ஊர், பள்ளி, உறவு என்று அடையாளம் காட்டும் எதுவும் வெளியே வரக் கூடாது.

தேர்தல் காலத்தில் எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்வி, ஒரே நிமிடம்; வரிசையைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானியுங்கள். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் நேரத்தைக் கூட்டாதீர்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரச்சாரமாகும் எதுவும் வேண்டாம். பழைய பதிவு அப்போது தானாக ஓடும்படி அட்டவணை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். அரசியல் விளம்பரத்துக்கு மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் சான்று வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

ஒரு நீளமான பேரேடு வாங்குங்கள். தேதி, ஊர், பிரச்சினை, பொறுப்பான அலுவலகம், சொன்ன பதில், சொன்ன தேதி, நடந்தது என்று ஏழு பத்தி. நிகழ்ச்சி முடிந்த அன்றே எழுதாவிட்டால் அது எழுதப்படாது. தேதி தவறிய பிரச்சினையைத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், அழைத்தவர் பெயரில், அவர் கையாலேயே மனுவாகக் கொடுக்கச் செய்து எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100. மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. இவற்றில் பதிவான எண்களையும் பேரேட்டில் சேருங்கள். கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களுக்கு இரண்டு வாரம் முன்பு, அந்த ஊராட்சி சார்ந்த பக்கங்களை நேயர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தீர்மானமாக எழுத வைக்க வேண்டியதை அவர்களே எடுத்துப் போவார்கள்.

ஒலிக்கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள், ஊர், பொருள் என்ற வரிசை வையுங்கள். 'புதியது', 'கடைசி' என்று பெயரிட்ட கோப்பை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எடிட் செய்யாத மூலப்பதிவை இரண்டு இடத்தில் வைத்திருங்கள். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று யாராவது மறுத்தால், போட்டுக் காட்ட வேண்டியது அந்த மூலப்பதிவைத்தான்.